படங்கு மூடாத லொறி

யுத்தம் திரும்பவும் தொடங்கியிருந்த காலத்தில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிப்பார்கள். திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்து கண்டி வீதியால் போய்வருகிற லொறிகள் எவ்வளவு டீசல் எரிக்கின்றன, எவ்வளவு காபன் புகை விடுகின்றன, எந்த நடைமுறையைக் கொண்டுவந்தால் அந்தப் புகை குறையும் என்று கணினிக்குள் பொய் லொறிகளை ஓட்டிப் பார்க்கிற வேலை. "சனம் உயிரோட வீடு வந்து சேர்றதே பெரும்பாடு. இவ புகையை அளக்கிறாவாம்!" என்பார் மாமி, என் கணவரின் தாய். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெளியே ஒரு வீதியும் என் சொல் கேட்காது. கணினிக்குள் எல்லா வீதியும் கேட்டது.

அலுவலகத்தில் நானும், வெளியூரில் இருந்து வந்த ஒரு பொறியியலாளரும்தான். அவருக்கு ஒரு யோசனை இருந்தது. துறைமுகத்தடி மா ஆலையில் இருந்து கோதுமை மா ஏற்றிக்கொண்டு போகிற லொறிகள் வெறுமையாகத் திரும்பி வருகின்றன. அந்த வெறும் ஓட்டத்தில் எரிவது வீண் டீசல். வரும்போதும் நெல்லோ மரக்கறியோ ஏற்றிவந்தால் வீதியில் ஓடுகிற லொறிகள் குறையும், புகையும் குறையும்.

"கேட்க நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா எங்கட சென்றிகளை மறந்திட்டீங்கள்" என்றேன்.

சோதனைச் சாவடிகளைத்தான் சொன்னேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியதோ தெரியாது. சுமை லொறி படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரும். சுமையை மூடுகிற தார்ப்பாயை நாங்கள் படங்கு என்போம். அந்த லொறி சுமை வரிசையில் நிற்கவேண்டும். மூட்டைகளை இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றும்வரை நிற்கவேண்டும். வெறும் லொறியோ படங்கைக் கழற்றி, பின்கதவைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும். உள்ளே ஒன்றும் இல்லை என்று தூரத்திலேயே தெரியும். ஆமிக்காரன் கையைக் காட்டுவான், அது மற்றப் பக்கத்தால் போய்விடும். வரிசையில் நிற்கிறவர்கள் எஞ்சினை அணைப்பதில்லை. அணைத்தால் திரும்ப இயங்குமோ என்று சந்தேகப்படவேண்டிய பழைய வண்டிகள்தான் முக்கால்வாசியும். ஆகவே திரும்புகிற லொறிகளிலும் சுமை ஏற்றினால் வரிசை நீளும், நின்ற இடத்திலேயே டீசல் எரியும். இதையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். புகை குறையவில்லை, கூடியது. பொறியியலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு, "அப்ப சென்றிகள் போனாப் பிறகுதான் இந்தக் கதை" என்று சிரித்தார்.

அவருக்கு அது சிரிப்பு. எனக்கு அந்த வீதிதான் உயிர்ப் பிரச்சினை. எனக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீடு கப்பல்துறையில், ஆஸ்பத்திரி நகரத்தில், இரண்டுக்கும் நடுவில் அந்தச் சாவடி. முதல் பிள்ளையை அங்கேதான் பறிகொடுத்தோம். வாடகை வானுக்குள் நான் வலியோடு கிடந்தேன், பக்கத்தில் மாமி. வரிசை அசையவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அதனால் இந்த முறை ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா என்ற கவலையெல்லாம் எனக்கு இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், கடவுளே.

ஒருநாள் பொறியியலாளர் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம், என்னையே ஒரு லொறியாகக் கணினிக்குள் போட்டேன். புறப்படும் இடம் கப்பல்துறை, சேரும் இடம் ஆஸ்பத்திரி. காலையில் விட்டுப் பார்த்தேன், பின்னேரம் விட்டுப் பார்த்தேன். அவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"இதென்ன புது லொறி?"

"நான்தான் சேர்."

கொஞ்ச நேரம் என் வயிற்றைப் பார்த்தார். "அப்ப சுமை லொறி எண்டு போடுங்கோ. நிறைசுமை!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சுமை லொறி எந்த நேரம் புறப்பட்டாலும் வரிசையில் மாட்டியது. வெறும் லொறி என்று மாற்றினால் மட்டும் சுகமாகப் போய்ச் சேர்ந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரோடு சண்டை பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

வலி வருமுன்னரே வார்ட்டில் வந்து படுக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். பையெல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். போக இருந்த நாளுக்கு முதல்நாள் காலையில் துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பஸ் நின்றது, ஓட்டோக்களை விடவில்லை, தொலைபேசி செத்துப்போனது. மா ஆலைக்கு வேலைக்குப் போன என் கணவரை வெளியே விடவில்லை. நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். பன்னீர்க்குடம் உடைந்தது.

மாமி வீதிக்கு ஓடினார். மா ஏற்றுகிற லொறிகளையும் நகரத்துக்குச் சாமான் கொண்டுபோகிற லொறிகளையும் மட்டும் அன்றைக்கும் விட்டிருந்தார்கள். ஆலைக்குத் திரும்புகிற வெறும் லொறி ஒன்று வர, மாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவீதியில் நின்றுவிட்டார். சாரதி கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர். "என்னம்மா, சாகவா வந்த நீங்க?" என்று கத்தியவர், வீட்டு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டதும் "அல்லாவே!" என்று கீழே குதித்தார். முன்சீற்றில் ஏற என்னால் ஏலவில்லை. பின்னால் வெறும் மாச் சாக்குகளை விரித்து இருவருமாக என்னைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். ஏறிய உடனே மாமி தொடங்கினார்.

"தம்பி, படங்கைப் போட்டு மூடுங்கோ. பிள்ளைத்தாச்சி இப்பிடிக் கிடக்கிறதைப் போறவன் வாறவன் எல்லாம் பாக்கிறதோ?"

"வேணாம்மா. மூடினா சுமை லொறி எண்டு நினைப்பானுகள்."

"மானம் மரியாதை வேண்டாமோ? மூடுங்கோ எண்டு சொல்லுறன்!"

தாய் வயதில் ஒரு மனிசி மானத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்த மனிதர் என்ன செய்வார்? மூடிக் கட்டிவிட்டார். எனக்கு அப்போது பெரிய வலி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர்கள் பேசியது காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை.

லொறி ஓடியது, பிறகு மெதுவானது, பிறகு நின்றது. உள்ளே ஒரே இருட்டு. முன்னாலும் பின்னாலும் எஞ்சின்கள் உறுமுகிற சத்தம், டீசல் மணம். எத்தனை நாட்கள் வீதியோரம் நின்று அந்த வரிசையைப் பார்த்தவள் நான்!

"மாமி, சுமை வரிசையில நிக்கிறம்."

"எந்த வரிசையா இருந்தா என்ன? பேசாமல் முருகனை நினை பிள்ளை."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "முருகன் வந்தாலும் இந்த வரிசையில நிண்டுதான் வரவேணும்! படங்கை அவிழுங்கோ! ஊர் பாக்கட்டும், உலகம் பாக்கட்டும், எனக்கு என்ர பிள்ளை வேணும்!"

மாமி எழுந்து போய்ப் படங்கை இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினார். "தம்பி! கழட்டுங்கோ தம்பி! நான் சொன்னது பிழை, கழட்டுங்கோ!"

கயிறு அவிழ்ந்தது. வெயில் உள்ளே விழுந்தது. பின்கதவு படாரென்று தொங்கியது. சாக்கின்மேல் தலை முதல் கால் வரை மா பூசிக்கொண்டு நான் கிடந்த கோலம் அந்த வரிசை முழுவதற்கும் தெரிந்தது. ஆனால் மாமி பயந்த மாதிரி யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற லொறியின் சாரதி சட்டென்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே. முகத்தைத் திருப்பிக்கொண்டே லொறிகளைப் பின்னால் எடுத்து எங்களுக்கு இடம் விட்டார்கள். வரிசையை விட்டு விலகுகிற வண்டியைக் கண்டு ஓர் ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். என்னைப் பார்த்தான். துவக்கு கீழே இறங்கியது. "யன்ன! யன்ன!" போங்கள், போங்கள் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஓடித் தடையைத் தானே தூக்கிப் பிடித்தான்.

லொறி ஆலைப் பக்கம் திரும்பாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. என்னை உள்ளே கொண்டுபோகும்போது டொக்டர் சொன்ன ஒரு வசனத்தை இன்றைக்கும் நினைத்தால் மனம் குளிர்ந்துபோகும். "நேரத்துக்கு வந்திட்டீங்கள். இனி ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ." நான் பயப்படவில்லை. அத்தனை மாதமும் பயந்து களைத்துப்போயிருந்தேன்.

பெண் பிள்ளை. வந்ததும் வராததுமாகக் கத்தத் தொடங்கியது. ஐயோ, என்ன கத்தல்! என்னைப் போலவே கோபக்காரி. தாதி அவளைத் துடைத்துச் சுற்றிக்கொண்டே "அழாத, அழாத செல்லம்" என்று தட்டிக்கொடுக்கப் பார்த்தார்.

"மிஸ், கும்பிட்டுக் கேக்கிறன், அவளை விடுங்கோ" என்றேன். "நல்லாக் கத்தட்டும். வாசலில என்ர மாமி நிக்கிறா. அவவுக்குக் கேக்கவேணும்."