கடலுக்குள் போன வளவுகள்

இராணுவம் எங்கள் ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது அங்கே வேலியும் இல்லை, வேலிகளுக்கிடையே போகும் ஒழுங்கை என்ற பாதையும் இல்லை. புல்டோசர் எல்லாவற்றையும் ஒரே வெளியாக்கியிருந்தது. திரும்பிக் குடியேறக் காத்திருந்த குடும்பங்களின் மாதர் சங்கத் தலைவி, திங்கட்கிழமை நில அளவையாளர் வருமுன் எல்லைகளைத் தாங்களே கயிறு பிடித்துக் குறிக்கத் தீர்மானித்தார். காணி உறுதிப் பத்திரங்களில் பாதி சிட்னிக்குப் புலம்பெயர்ந்த எங்கள் கையில் இருந்ததால், எங்களிடம் ஒரு வரைபடமும் சம்மதக் கடிதமும் கேட்டார். அவை கிடைக்காவிட்டால் அளவை தள்ளிப்போகும். மழைக்கு முன் ஒரு வீடும் எழும்பாது.

சிட்னியின் புறநகரான லிட்கம்மில் எங்கள் சாப்பாட்டு மேசையில், சனிக்கிழமை பிற்பகலில் அந்த வரைபடம் உருவாயிற்று. இலக்கியம் படிக்கும் என்னை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக வரையச் சொன்னார்கள். ஐந்து குடும்பத்தார் தத்தம் வளவின், அதாவது வீட்டுக் காணியின், நீள அகலங்களைச் சொல்லச் சொல்ல, ஊர்த் தேவாலயத்தில் தொடங்கிக் கடலை நோக்கிக் கோடிட்டுச் சென்றேன். எவரும் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். இத்தனை ஆண்டுகளில் எவருடைய நினைவிலும் வளவு சுருங்கவில்லை, அவ்வளவுதான். கடைசியாக வந்த அப்பாவின் காணி முக்கால்வாசி கடலுக்குள் கிடந்தது.

இருமுறை சரிபார்த்த பிறகே அதைச் சொன்னேன். கடலைச் சற்றுத் தள்ளி வரையும்படி அப்பா கூறினார்.

தொலைபேசித் திரையில் தலைவி படத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அண்ணை, கடல் இருந்த இடத்திலதான் இருக்குது. உங்கட வளவுதான் சிட்னியில இருந்துகொண்டே வளந்திட்டுது.”

அறையே சிரித்தது. பிறகு அவர், ஒருவருமே ஒழுங்கையை வரையவில்லை என்று சுட்டிக்காட்டினார். குடிதண்ணீர் வண்டி உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு வளவும் மூன்றடி விட வேண்டும். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் கோடுகளின் மேல் விரலை வைத்துக்கொண்டார்கள். ஒரு சாண் வேலிக்காக ஊரில் வழக்காடியவர்கள் அவர்கள். அப்பாவுக்கு எதிராக அப்படி வழக்காடிய பக்கத்து வளவு அங்கிள், முதலில் அப்பா விடட்டும் என்றார்.

அப்பா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“மூண்டடி காணாது, தங்கச்சி. வண்டி திரும்ப வேணும். என்ர பக்கத்தில நாலா எடுங்கோ.”

“அப்ப எனக்கும் நாலு,” என்றார் அங்கிள், தோற்றுவிடக் கூடாது என்பதுபோல.

நான் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் அங்கே கயிறு நீண்டுவிட்டது. இங்கிருந்து ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இடம் வலம் சொல்லத் தொடங்கினார்கள்.

“சத்தம் போடாமல் பாருங்கோ,” என்றார் தலைவி. “இருக்கிற நிலத்தை நாங்கள் அளக்கிறம்.”

பார்த்தார்கள். ஒவ்வொரு எல்லைக் கட்டையும் மண்ணில் இறங்கியபோது அங்கிள் கைதட்டினார். திங்கட்கிழமை அளவையாளர் அந்தக் கட்டைகளையே எல்லையாக ஏற்றுக்கொண்டார். பின்னர் பக்கத்து ஊர்க் காணிகளை இராணுவம் விடுவித்தபோது, கயிறு பிடிக்க அந்தப் பெண்களைத்தான் அழைத்தார்கள். எங்களிடம் எவரும் வரைபடம் கேட்கவில்லை.