எதிர்க்கடைக்காரர் தைத்த கோட்டு

மாலை நாலே காலுக்கு எதிர்க்கடைக்காரர்தான் போன் செய்தார். "தங்கச்சி..." என்றார். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த என் கணவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

இருவரும் ஒரே மாஸ்டரிடம் தையல் கற்றவர்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அடிக்கடி வீட்டுக்கு வருவார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பிறகு எங்கள் கடைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு வைத்து, தனக்கென்று ஒரு கடை போட்டார். எங்களிடம் தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். பேச்சு நின்றது. ஒருவர் ஷட்டரைத் தூக்கினால் மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

இவர் அதற்காக யாரையும் திட்டியதில்லை. பழைய சட்டைக்குக் காலர் மாற்றுவதென்றாலும் புதுத்துணிபோல நீவி நீவிப் பார்த்துத்தான் மெஷினில் வைப்பார். நாத்தனார் மகனுக்குப் பள்ளிச் சீருடையிலிருந்து எல்லாமே இவர் தைத்ததுதான். அவன் கல்யாண வரவேற்புக்கான கோட்டை எதிர்க்கடையில் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்த அன்று இவர் சாப்பிடவில்லை.

"அண்ணே, அவரும் வருவாரு. எம்புள்ள கல்யாணத்துல ஏதும் பேசிடாதேண்ணே," என்று நாத்தனார் கெஞ்சினாள்.

"நான் என்ன சண்டைக்கோழியா? வந்து வாழ்த்திட்டுப் போறேன்."

மண்டபத்தில் ஒரு சொந்தக்காரர் சும்மா இருக்கவில்லை. "என்ன மாப்ளே, உங்க கடையில கத்தரி தொலஞ்சு போச்சா? மருமகன் ரோட்டைத் தாண்டிட்டான்!"

இவர் சிரித்துவைத்தார். எதிர்க்கடைக்காரர் மேடையோரம் நின்று கோட்டுக்கு வந்த பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஒரு கணம் முதுகைக் காட்டித் திரும்பினான். இவர் என் கையை இறுக்கினார். கறுப்புக் கோட்டின் பின்பக்கப் பிளவில் வெள்ளை நூல். துணி நகராமலிருக்கப் போட்டு, கொடுக்குமுன் பிரித்துவிட வேண்டிய ஓட்டுத் தையல். அவசரத்தில் மறந்திருக்கிறார். வேறு யார் கண்ணிலும் இன்னும் படவில்லை.

இவர் எழுந்து மேடைக்கு நடந்தார்.

"அய்யோ அண்ணி, அண்ணனைப் புடிங்க!" என்றாள் நாத்தனார்.

இவர் மருமகனைக் கட்டிப்பிடித்தார். முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோலக் கை கீழே இறங்கியது. கட்டைவிரல் நகத்தால் நூலை அறுத்து உருவி, உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எதிர்க்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்தது.

"தோள்பட்டை அம்சமா உக்காந்திருக்குடா. எனக்கு இப்படி வராது," என்றார் இவர் அவரிடம், நாலு பேர் கேட்கும்படி.

எதிர்க்கடைக்காரர் இவருடைய மூடிய கையைப் பார்த்தார். "சாப்டியா?"

"இனிமேத்தான்."

"வா."

ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மின்வெட்டைப் பற்றியும் சட்டென்று முறியும் ஊசிகளைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள், ரயிலில் அறிமுகமானவர்களைப்போல.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் பொருமினேன். "எல்லாருக்கும் காட்டியிருக்கலாமே? அப்பவாவது நம்ம அருமை தெரிஞ்சிருக்கும்."

"பையனோட முதுகைப் பாத்துல்ல சிரிச்சிருப்பாங்க," என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "அவனும் பாவம்தான்," என்றார்.

அடுத்த வாரம் எதிர்க்கடைக்காரர் கையில் சாம்பல் நிறத் துணியோடு எங்கள் கடைப் படியேறினார். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கு ஒரு கோட்டு வேணும். என் முதுகை நானே அளக்க முடியுமா? கடையில எவன்கிட்ட கொடுத்தாலும் என் கூனைப் பாத்துச் சிரிப்பான்."

"நான் மட்டும் சிரிக்க மாட்டேனா? மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டப்பவே உனக்கு அது இருந்துச்சே. நிமிந்து நில்லுடா."

இவர் அவர் முதுகில் அளவு நாடாவை வைத்தார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இவரிடம் நான் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. அதற்கப்புறம் இவர் இருந்த கொஞ்ச நாளும், கடை திறந்ததும் அந்தச் சாம்பல் நிறத் துணியைத்தான் முதலில் எடுத்தார்.

காரியமெல்லாம் முடிந்து, இன்று கடையைத் திறந்து பார்த்தேன். கோட்டுக்கு வலது கை ஏற்றியாயிற்று. இடது கை வெட்டியபடி மேசைமேல் கிடக்கிறது, இன்னும் பொருத்தவில்லை.