சிவப்புத் துணியில் முதலில் வந்த கண்கள்

அந்த மெஷினுக்குப் போடும் எண்ணெயின் வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது... கூடவே, ஜன்னல் வழியாக உள்ளே வரும் பனிமூட்டத்தின் ஈர வாசனையும்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். ஹட்டன் பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. முஸ்லிம் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினை இறக்கி, அதை ஓட்ட என்னைப் போட்டார். ஸ்கூல் பேட்ஜ், தலையணை உறையில் ரோஜாப்பூ... இவைதான் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நான் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஆகிவிட்டேன். சிரிக்காதீங்க, எனக்குத் தெரிந்தது நான்கே பட்டன்.

அந்த வருஷம் அப்பா கடும் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். தோட்டத்து மாரியம்மனுக்கு, திருவிழாவில் அம்மன் முகம் தைத்த சிவப்புத் துணி ஒன்று சாத்துவதாக அம்மா நேர்ந்திருந்தார். மகளே தைக்கிறாள் என்று வேறு அவருக்குப் பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதலாளியிடம் சாவி வாங்கிப் போய்த் துணியை ஃப்ரேமில் இறுக்கினேன். எங்கள் மெஷினுக்கு ஒரே ஊசி. நிறம் மாறும்போதெல்லாம் நாமேதான் நூலை மாற்ற வேண்டும். அதனால் கறுப்பை முதலில் முடித்துவிடுவது பழக்கம். பேட்ஜுக்கு அது சரி.

இங்கே கறுப்பு நூல் முதலில் தைத்தது கண்களை.

முகம் இல்லை, மூக்கு இல்லை... இரண்டு கண்கள் மட்டும். இரண்டாவது கருவிழி முடிந்ததும் கரண்ட் போய்விட்டது.

நான் இடப்பக்கம் நகர்ந்தேன், கண்கள் என்னைப் பார்த்தன. வலப்பக்கம் வந்தேன், அப்போதும் என்னைத்தான் பார்த்தன. ஃப்ரேமைக் கழற்றினால் மீதி முகம் கோணிப்போகும். ஒரு துவாய்த் துண்டை எடுத்து மேலே போட்டேன். சரிந்து விழுந்தது. மறுபடியும் போட்டேன்... மறுபடியும் சரிந்தது. அறையில் காற்றே இல்லை.

அந்த நேரத்தில்தான் துணியைப் பார்க்க அம்மா மாடியேறி வந்தார். பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. சாமிக்குக் கண் திறக்கும்போது எதிரே ஆள் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முதல் பார்வை உக்கிரமானது. கண்ணாடியையோ பசுவையோதான் காட்டுவார்கள்.

"கண்ணு தொறந்தப்ப எதுக்க யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தாம்மா."

நூலைப் பிரித்துவிடுகிறேன் என்றேன். திறந்த கண்ணைப் பிரிப்பது அதைவிடப் பாவம் என்றார். என்னை இழுத்துச் சுவரோரம் நிறுத்தினார். என் ஸ்டூலில் தானே உட்கார்ந்து, அந்தக் கண்களுக்கு நேரே முகத்தை வைத்தார்.

"என்னையப் பாரு தாயி. புள்ளயப் பாக்காத."

கரண்ட் வரும்வரை அசையவே இல்லை.

திருவிழா நன்றாக நடந்தது. துணியைப் புகழாத ஆள் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. சீனி வியாதி என்றார் டாக்டர். அப்படித்தான் இருக்கும்... எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

இப்போது கொழும்பில் பெரிய கடையில் வேலை. மெஷினுக்குப் பதினைந்து ஊசி. நூல் மாற்றும் தொல்லை இல்லை, கரண்ட் போனால் ஜெனரேட்டர். அந்த ஒற்றை ஊசிக் காலம்தான் நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது அம்மா என்னைப் பார்ப்பார்.

லீவில் போனால் என் முகத்தைத் தடவிக்கொண்டே முதலில் ஒன்றைத்தான் கேட்கிறார்.

"ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

தெரியுதும்மா என்கிறேன். அதன்பிறகுதான் சாப்பிடச் சொல்கிறார்.