டங்கண்ணன் அடைத்த துளைகள்

மல்லாந்து படுத்து, பழைய காரின் அடிச்சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறார். ‘டங்’ என்றால் இரும்பு நலம். ‘டொத்’ என்றால் உள்ளே துரு; நகராமல் அதே இடத்தில் இன்னும் இரண்டு தட்டு. பட்டறையில் அவருக்கு டங்கண்ணன் என்றே பெயர். விருந்துக்குப் போன வீட்டிலும் இரும்புக் கேட்டைத் தட்டிப் பார்க்கிற மனிதர். “மானம் போகுதுங்க, கைய வெச்சுக்கிட்டுச் சும்மா வாங்கன்னா கேக்குறாரா?” என்று அவர் மனைவி என்னிடம் புலம்பியிருக்கிறார்.

யாராவது பெயின்ட்டைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “மூஞ்சிக்குப் பவுடர் போட்டா வயித்துவலி போயிடுமா?” சட்டத்தின் உட்புறம் வெறும் கூடு. துரு அங்கேதான் குடித்தனம் நடத்தும். உள்ளே கழுவி, சூடான காற்று விட்டுக் காயவைத்து, நீளக் குழாயை நுழைத்து மெழுகு எண்ணெயைப் புகையாய் அடிப்பார். அடியிலுள்ள வடிகால் துளை ஒவ்வொன்றிலும் மெழுகு சொட்டும்வரை விடமாட்டார். என் காரை ஒரே நாளில் தருகிறேன் என்று சொல்லி நான்கு நாள் வைத்துக்கொண்டார். சண்டை போடத்தான் போனேன், காபி வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவர் படுத்திருந்தது சொந்த அக்காவின் காருக்கு அடியில். அக்கா சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய கார், இருபத்தாறு வருடமாக அவரே ஓட்டுகிறார். சட்டம் தேறாவிட்டால் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும். ஸ்டூல் போட்டும் அக்கா உட்காரவில்லை.

“டேய், ஓடுமா ஓடாதா? அத மட்டும் சொல்லு.”

நான் குனிந்து பார்த்தேன். டங்கண்ணன் ஸ்க்ரூடிரைவரால் வடிகால் துளையிலிருந்து ஒரு ரப்பர் அடைப்பை நெம்பி எடுத்தார். பழுப்புத் தண்ணீர் கொட்டிச் சட்டை நனைந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“தொழிலுக்கு வந்த புதுசுல நான்தான்க்கா ஓட்டையெல்லாம் அடைச்சேன். தண்ணி ஏறக் கூடாதுன்னு நெனச்சேன். மேல கசிஞ்ச தண்ணி எறங்க வழியில்லாம உள்ளயே நின்னுடுச்சு. என் தப்புதான்.”

முகத்தைக் காட்டவில்லை. அடைப்பை ஏந்திய கை மட்டும் வெளியே வந்தது.

“அப்ப அவ்வளவுதானா?” என்றார் அக்கா.

“பின்பாதி போச்சு. வெட்டிட்டுப் புது இரும்பு வெல்டு வைக்கணும், மாசக்கணக்குல ஆகும். ஆனா ஓட வெச்சிடுவேன்.”

அக்கா அடைப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குப்பைக் கூடையில் போட்டார். பிறகு கைப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் தள்ளிப் படுடா” என்று சொல்லி, காருக்கு அடியில் தம்பியின் பக்கத்தில் நகர்ந்து போய் மல்லாந்து படுத்தார்.