ஏழாவது ஸ்டாப்பிங்

போன செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு, உத்திரமேரூரில் டவுன் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் நடவு வேலை செய்யும் ஒரு பெண். மடியில் நாலு வயது மகள். ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் குழந்தை ஒரு விரலை மடக்கினாள்.

“இன்னும் எத்தினி கீது?” என்றார் அம்மா.

“மூணு.”

ஏழாவதில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே எல்.கே.ஜி. சேர்க்கப் போகிறார்களாம். நாலு முடிந்தது, மீதி மூன்று... எண்ணுவது சரி, கழிக்கவுமா?

“ஸ்டாப்பிங் போர்டைப் பார்த்து இறங்கலாமே?” என்றேன்.

“எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிடுதுக்கா. ஃபாரம் வாங்க வந்தப்ப கண்டக்டரும் சொல்ல மறந்துட்டாரு. வெயில்ல அம்மாந்தூரம் திரும்பி நடந்தோம். இப்ப இவதான் எனக்குக் கண்டக்டரு.”

பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். எல்லாம் யாரோ நிரப்பியிருந்தார்கள். ஒரு கட்டம் மட்டும் காலி — பெற்றோர் கல்வித் தகுதி.

“நான் ரெண்டாவதோட நின்னுட்டேன். அவரு பள்ளிக்கூடமே போவல. அத எழுதினா, இவளுக்குக் கணக்கு எங்க வரப்போவுதுன்னு சீட்டு குடுக்காம வுட்டுடுவாங்களா?”

பேனாவை எடுத்துத் திறந்தேன். ஐந்தாவது ஸ்டாப்பிங் தாண்டி பஸ் மறுபடி நின்றது.

“ஆறு” என்றேன், குழந்தைக்கு உதவுவதாக நினைத்து.

“இது ஸ்டாப்பிங் இல்ல. அந்த அண்ணன் கை காட்னாரு.” விரல் மடங்கவில்லை.

நான் எம்.காம். கணவர் இன்ஜினீயர். எங்கள் பையன் இந்த வயதில் நூறு வரை ஒப்பிப்பான். நாலு ஸ்பூன் எடுத்து வா என்றால் கை நிறைய அள்ளி வருவான். எண்ணியே தீர வேண்டிய வேலை எதையும் நாங்கள் அவனுக்குத் தரவில்லையோ?

அதற்காகப் படிப்பு வேண்டாம் என்பேனா? மாட்டேன். படித்தவர் வீட்டில் புத்தகம் இருக்கும், தப்புக் கணக்கைத் திருத்த ஆள் இருக்கும். வகுப்பு ஏற ஏற அது பெரிய பலம். ஆனால் நாலு வயதில் எது உதவுகிறது — பெற்றோரின் பட்டமா, ‘இன்னும் எத்தினி?’ என்று கேட்கும் வாயா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

“காலியா வுட்டுடலாமாக்கா?”

“வேண்டாம்மா. உள்ளதை எழுதுவோம். இவளை ஏதாவது எண்ணச் சொல்லிப் பாருங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க” என்றேன். ‘தாய்: இரண்டாம் வகுப்பு, தந்தை: பள்ளி செல்லவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“ஏழு. எறங்கும்மா.”

இறங்கிவிட்டார்கள். ‘மகளுக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தவர்’ என்றும் சேர்த்திருப்பேன்... கட்டம்தான் ரொம்பச் சின்னது.