இடையில் தங்கிய மூன்று வரிகள்

சூரியநெல்லிக்கு மேலே, அம்மா குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டில்தான் என் வேலை நடக்கிறது. கம்பெனி கொச்சியில் இருக்கிறது. நான் முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள்.

எங்கள் பக்கம் யானை வரும். அதை யாராலும் தடுக்க முடியாது. எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான். அதற்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு குழு வைத்திருந்தோம். காவல் பார்க்கும் அண்ணன் ஒருவர் காலையில் மேட்டில் நின்று பார்த்து, யானை நிற்கும் இடத்தைத் தன் போனில் பதிவார். அது டேட்டாபேஸில் போய் விழும். பிறகு அவரே ஒவ்வொரு சூப்பர்வைசராகக் கூப்பிட்டுச் சொல்வார். முடிக்க அரை மணி நேரம் ஆகும். பாதிப் பேருக்கு டவர் கிடைக்காது.

"பாப்பா, நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்க. இது தானாப் போற மாதிரி ஒண்ணு பண்ண முடியாதா?" என்று ஒருநாள் கேட்டார்.

முடியும் என்றேன். டேட்டாபேஸில் ஒரு வரி புதிதாக விழுந்தாலும் மாறினாலும் அதை அந்தக் கணமே வெளியே சொல்ல வைக்கலாம். அந்த மாற்றங்களை வரிவரியாக வாங்க ஒரு கட்டளை. அவற்றில் எஸ்டேட்டின் எங்கள் பகுதியான டிவிஷன் வரிகளை மட்டும் பொறுக்க இரண்டாவது கட்டளை. பொறுக்கியதைச் சூப்பர்வைசர்கள், கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் எஸ்எம்எஸ்ஸாக அனுப்ப மூன்றாவது. ஒன்று கொடுப்பதை அடுத்தது வாங்கிக்கொள்ளும்படி பைப் போட்டுக் கோத்துவிட்டால் போதும். போன் கால் போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் எப்படியாவது நுழைந்துவிடும்.

முதல் இரண்டையும் கோத்துத் திரையில் பார்த்தேன். அண்ணன் பதிந்த நொடியே வரி வந்தது. மூன்றாவதையும் சேர்த்து, என் எண்ணுக்கு மட்டும் போகும்படி ஐம்பது போலிப் பதிவுகளை ஒரேயடியாக விட்டேன். என் போன் நிற்காமல் அடித்தது. ஐம்பதும் வந்ததா என்று நான் எண்ணவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, புதிதாக ஓடவிட்டுவிட்டு, இனி மெசேஜ்தான் என்று எல்லோருக்கும் சொன்னோம். அண்ணன் போன் போடுவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்கு மறுநாள் காலை மலையெல்லாம் மூடும்படி நல்ல மஞ்சு. அம்மா ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். தேயிலைப் பகுதிகளை நாங்கள் காடு என்போம். அன்று அவள் சேர்ந்து வேலை பார்க்கும் செட்டுக்குப் பதினேழாம் நம்பர் காடு. எட்டு மணிக்கு அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, மெசேஜ் எல்லாருக்கும் போயிருச்சுல்ல? பதினேழுக்கு மேல ரெண்டு ஆனை, குட்டியோட. ஏழேகாலுக்கே போட்டேன். அப்புறமும் ரெண்டு தடவ போட்டேன்."

என் போனைப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

"இப்ப எங்க நிக்குண்ணே?"

"ஓடைக்குள்ள எறங்கிட்ட மாதிரி இருக்கு. மஞ்சுல சரியாத் தெரியல. தெரிஞ்சதும் போடுதேன்."

டேட்டாபேஸைத் திறந்தேன். மூன்று பதிவும் அங்கே இருந்தன. மூன்று கட்டளைகளும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கேயும் பிழை காட்டவில்லை. ஏதாவது உடைந்திருந்தால் அதைச் சரிசெய்யலாம். எதுவுமே உடையாமல் இப்படி மௌனமாக இருந்தால் எதைச் சரிசெய்வது? அம்மா செட்டின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளக் குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் முதல் கட்டளையை மட்டும் நிறுத்தினேன். மறுபடி ஓடவிட்டால் சரியாகுமோ என்ற எண்ணம்தான். நிறுத்திய உடனே என் போன் மூன்று முறை அடித்தது. பதினேழாம் நம்பர் காட்டுக்கு மேல் யானை. பதினேழாம் நம்பர் காட்டுக்கு மேல் யானை. பதினேழாம் நம்பர் காட்டுக்கு மேல் யானை.

மூன்று வரிகளும் இத்தனை நேரம் நடுவில் தங்கியிருந்திருக்கின்றன. இப்போது எல்லோருடைய போனுக்கும் போய்விட்டன. மெசேஜில் யானையைப் பார்த்த நேரம் இல்லை, நான் வைக்கவில்லை. மேலே யானை என்றால் பெண்கள் கீழே ஓடுவார்கள். கீழே இறங்க இருக்கும் வழி ஓடை வழிதான். யானை இப்போது அங்கேதான் நிற்கிறது.

செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினேன். சுற்றுலாக்காரர்களை ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஜீப்பை மறித்தேன். அந்த டிரைவரைத் தெரியும். "அம்மா பதினேழுல இருக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். ஓடைக்கு முந்தைய வளைவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"இதுக்கு மேல வேண்டாம். பேசாத."

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எங்கேயோ கிளை முறிந்தது. அது எந்தத் திசை என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அம்மா என்று கூவ வாயெடுத்தேன். டிரைவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அம்மாவை நானே அங்கே அனுப்பிவிட்டேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் இருமல் கேட்டது. ஒவ்வொருவராக ரோட்டுக்கு ஏறினார்கள். யார் கையிலும் கொழுந்துச் சாக்கு இல்லை. கடைசியில் அம்மா, இன்னொருத்தியைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். வாய்க்காலைத் தாண்டும்போது அந்தப் பெண்ணுக்குக் கால் பிசகியிருந்தது.

"மெசேஜ் வந்துச்சு, கீழ ஓடியாந்தோம்" என்றாள் அம்மா. "ஓடைக்கிட்ட வந்தா முன்னாடி பாறை மாதிரி ஒண்ணு. அது காத ஆட்டுது. சூப்பர்வைசர் கையக் காட்டினாரு. எல்லாரும் செடிக்கு நடுவுல குத்தவச்சுட்டோம். குட்டிய முன்னால விட்டு, அதுபாட்டுக்குத் தாண்டிப் போச்சு."

பத்துப் பதினைந்து அடி தூரம்தான் என்று பிறகு சூப்பர்வைசர் சொன்னார்.

மத்தியானம்வரை என்னால் கீபோர்டைத் தொட முடியவில்லை. தொட்டபோது காரணம் அரை மணி நேரத்தில் கிடைத்தது. அந்த இரண்டாவது கட்டளை, எதிரே திரை இருந்தால் வரிக்கு வரி கொடுத்துவிடும். திரைக்குப் பதிலாக இன்னொரு கட்டளை இருந்தால், ஓரளவு சேரும்வரை தன்னிடமே வைத்திருந்து மொத்தமாகத் தள்ளும். ஐம்பது பதிவு விட்டால் நிரம்பி வழியும். மூன்று பதிவு அதன் கையிலேயே கிடக்கும், முதல் கட்டளை நின்றால்தான் அதைக் கொட்டும். வரும் வரியை உடனே கொடு என்று ஒரு சொல் சேர்த்தேன். அவ்வளவுதான் வேலை. மெசேஜில் நேரத்தையும் சேர்த்தேன். இந்த முறை ஒரே ஒரு பதிவை விட்டு, போன் அடிக்கிறதா என்று பார்த்தேன். அடித்தது.

சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். கால் பிசகியவள் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"காலு வீங்கினது போயிரும் புள்ள. மெசேஜப் பாத்ததும் நான் யோசிக்கவே இல்ல. நீ போட்டதுல்லா, அதான் ஓடிட்டேன்" என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் அங்கே நிற்காமல் வெளியே வந்தேன்.

வாசலில் காவல்கார அண்ணன் நின்றிருந்தார். "ஒரு மாசத்துக்கு நானும் போன் போட்டுக்கிடுதேன் பாப்பா" என்றார்.

"ஒரு மாசம் வேண்டாம்ண்ணே" என்றேன். "எப்பவுமே போடுங்க."