என் படம், சில்வாவின் பெயர், எவனோ ஒருவனின் விற்பனை

இன்று காலை பிறந்தநாள் ஈ-கார்டைத் திறந்தால், உள்ளே என் படம்!

கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பியது. வெள்ளவத்தைக் கடற்கரை, ரெயில் பாதை, குடை பிடித்து நடக்கிற ஒரு மாமி. நான் கம்ப்யூட்டரில் கண் எரிய எரிய வரைந்த மாமி!

கீழே வேறு எவனோ ஒருவனின் பெயர். நான் படம் விற்கிற அதே வெப்சைட்டில் அவனும் கடை போட்டிருக்கிறான். (என்னுடையதைவிட நன்றாக விற்கிறது.)

கொதித்துப்போய் முறைப்பாட்டுப் படிவத்தைத் திறந்தேன். முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை எல்லாம் கேட்டார்கள். அத்தனையையும் எதிராளிக்கும் அனுப்புவார்களாம்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஆரெண்டே தெரியாதவனுக்கு வீட்டு அட்ரஸைக் குடுக்கப் போறீங்களே? அதுவும் இந்தச் சண்டை நேரத்தில?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது என் மாமி.

"குடுக்கத்தான் போறன். என்ர படமெல்லே!"

கொமியூனிகேஷன் கடைக்கு ஓடி, அடையாள அட்டை, இங்கே தங்கப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டு எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். நான் நான்தான் என்பதற்கு, கொழும்பில் ஒரு தமிழனிடம் இருக்கிற அளவு பேப்பர் உலகத்தில் வேறு யாரிடம் இருக்கும்!

பின்னேரம் பதில் வந்தது.

'அன்புள்ள ஜெயகரன், இந்தப் படத்தை முதலில் பதிவேற்றியவர் திரு. சில்வா. அவருடைய அனுமதிக் கடிதம் இல்லாமல் நீங்கள் உரிமை கோர முடியாது.'

திரு. சில்வா நான்தான் ஐயா!

கணக்குத் தொடங்கும்போது, இன்டர்நெட்டிலும் எதற்கு வம்பு என்று சிங்களப் பெயர் ஒன்றை வைத்திருந்தேன். பெரிய மூளைசாலி!

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப அந்தச் சில்வாவிட்டயே ஒரு லெட்டர் வாங்குங்கோவன். நல்ல மனுசன் போலதான் கிடக்கு."

கோபத்தில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் புறப்பட்டேன். சந்தியில் செக்பொயின்ட். ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கினான்.

"ஜெயகரன்?"

"ஓவ், மஹத்தயா." ஓம் ஐயா என்று சிங்களத்தில் சொன்னேன்.

முகத்தை ஒரு தரம் பார்த்தான்.

"ஹரி, யன்ன."

சரி, போகலாமாம். அவ்வளவுதான். நான்தான் ஜெயகரன் என்று நம்பிவிட்டான்!

அந்த இடத்தில் என் பெயரை யாராவது உரக்க வாசித்தால் வழமையாக நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்று அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. (கட்டிப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இந்தப் பதிவை என் மனைவிதான் எழுதியிருப்பாள்.)

மாமி இன்னும் அவன் கடையில்தான் குடை பிடித்து நடக்கிறா. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

நண்பர்களே, ஒரேயொரு வேண்டுகோள். இந்தப் பதிவை யாராவது திருடுவதென்றால், தயவுசெய்து என் சொந்தப் பெயரைப் போட்டுத் திருடுங்கள். ஒரு இடத்திலாவது இருக்கட்டும்!